ப்ரீலூட்: பாட்டுக்கு முன்னால் வருவதெல்லாம் அதுதானா?

திரைப்பாடல்களை அலசி எழுதுகிறவர்கள் 'இந்தப் பாட்டின் ப்ரீலூட்' என்று ஒரு வரியாவது எழுதாமல் விடுவதில்லை. அதே இசைத் துண்டை இன்னொருவர் 'இன்ட்ரோ' என்கிறார், வேறொருவர் 'பிஜிஎம்' என்கிறார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களோ 'நம்ம ஆலாபனைதானே அது' என்று முடித்துவிடுகிறார்கள். இதற்கிடையில் பியானோ கற்கும் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டினால், 'ப்ரீலூட்' என்ற தலைப்பில் இரண்டு பக்கத்துக்கு ஒரு தனி உருப்படி இருக்கிறது. அதற்குப் பின்னால் எந்தப் பாட்டும் வருவதில்லை. பாட்டே இல்லாதபோது முன்னிசை எதற்கு முன்னால் வருகிறது?

இந்தக் குழப்பத்துக்கு யாருடைய அறியாமையும் காரணம் இல்லை. ப்ரீலூட் என்பது முதலில் ஒரு வேலையின் பெயராக இருந்தது. பிறகு ஓர் இசை வடிவத்தின் பெயராகவும் ஆனது. இரண்டு பொருளும் இன்றுவரை அருகருகே புழங்குகின்றன. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

## சொல்லின் பொருள்

லத்தீனில் 'ப்ரே' என்றால் முன். 'லூடெரே' என்றால் விளையாடுவது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் விளையாடுவதற்கும் வாத்தியம் வாசிப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். ஆக, 'முன்னால் வாசிப்பது' என்பதே நேர்ப்பொருள். இதன் உடன்பிறப்புகள் இரண்டு: இடையில் வாசிப்பது இன்டர்லூட், பாட்டு முடிந்தபின் வாசிப்பது போஸ்ட்லூட்.

ஆங்கிலேயர் உச்சரிப்பு 'ப்ரெல்யூட்' என்பதை ஒட்டி வரும். தமிழில் 'ப்ரீலூட்', 'பிரிலூட்' என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

## தந்தியைத் தட்டிப் பார்த்ததில் தொடங்கியது

பழைய ஐரோப்பிய இசைக்கலைஞரின் நிலையை எண்ணிப் பார்த்தால் ப்ரீலூட் எதற்காகத் தோன்றியது என்பது புரிந்துவிடும். லூட் என்பது கிட்டாருக்கு உறவான ஒரு தந்தி வாத்தியம். அதன் தந்திகள் சீக்கிரம் சுருதி கலையும். பாட்டைத் தொடங்குவதற்கு முன் கலைஞர் தந்திகளை மீட்டிப் பார்ப்பார், விரலைப் பழக்கிக்கொள்வார், பேசிக்கொண்டிருக்கும் சபையை மெல்லத் தன் பக்கம் திருப்புவார். இந்த மீட்டலே அழகான சிறு இசையாக வளர்ந்தது. ஜோன் அம்ப்ரோசியோ தால்சா என்ற இத்தாலிய லூட் கலைஞர் 1508-இல் வெளியிட்ட தொகுப்பில் சில உருப்படிகளுக்கு 'தந்திகளைத் தொட்டுப் பார்த்தல்' என்றே பெயர் இருக்கிறது. ஆர்கன் வாத்தியத்துக்கு இதைவிடப் பழைய சான்று உண்டு: 1448-ஆம் ஆண்டைக் குறிப்பிடும் ஆடம் இலெபோர்க்கின் ஏட்டில் இத்தகைய முன்வாசிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த ஆதி ப்ரீலூட்டுகளில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. இவை பெரும்பாலும் மேடையிலேயே கற்பனையாக வாசிக்கப்பட்டவை. எழுதி வைத்தது பின்னால் வந்த பழக்கம்.
2. எந்தச் சுருதியில், எந்த ஸ்வர அமைப்பில் அடுத்த உருப்படி வரப்போகிறது என்பதைக் காதுக்குச் சொல்வதுதான் இவற்றின் முதல் கடமை.
3. இவற்றுக்குத் தாளக்கட்டு கட்டாயம் இல்லை.

மூன்றாவதை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கலைஞர் லூயி கூப்பரென், பியானோவுக்கு முந்தைய விசை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய சில ப்ரீலூட்டுகளில் தாளப் பிரிப்புக் கோடுகளே கிடையாது. எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவுக் குறியில் வரிசையாக எழுதி, எவை சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதை நீண்ட வளைகோடுகளால் காட்டிவிடுவார். எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்பது வாசிப்பவர் பாடு. தாளமில்லாமல் ராகத்தைப் படிப்படியாக விரிக்கும் நம்முடைய மரபை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது.

தேவாலயத்தில் இதே வேலை வேறு உருவில் நடந்தது. சபையார் சேர்ந்து பாடப்போகும் பாட்டின் மெட்டை ஆர்கன் கலைஞர் முன்கூட்டியே வாசித்துக் காட்டுவார். மெட்டும் நினைவுக்கு வரும், எந்த ஸ்வரத்தில் எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இந்த வகையில் எழுதியவற்றைக் கோரல் ப்ரீலூட் என்கிறார்கள். நம் ஊர் தேவாலயங்களில் பாமாலைப் பாட்டு தொடங்கும் முன் ஆர்கனில் ஒரு வரி வாசித்துக் காட்டுகிறார்களே, அது இந்த மரபின் சுருங்கிய வடிவம்.

## பின்னால் எதுவும் வராத ப்ரீலூட்

பாக் 1722-இல் முடித்த 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதியில் 24 ஜோடிகள் உள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் ஒரு ப்ரீலூட், பிறகு ஒரு ஃபியூக். ஃபியூக் என்பது ஒரு சிறு இசைவரியை வெவ்வேறு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் துரத்திப் பின்னும் கண்டிப்பான வடிவம். அதற்கு முன்னால் சற்றுத் தளர்வாக வருவது ப்ரீலூட். இதுவரை சொல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தத் தொகுதியின் முதல் ப்ரீலூட்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதன் ஃபியூக்கை விட்டுவிட்டு அதை மட்டும் வாசிக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் குனோ அதன் மேல் புதிதாக ஒரு மெட்டை ஏற்றினார். 'ஆவே மரியா' என்ற பெயரில் இன்றும் பாடப்படுவது அதுதான். முன்னால் வருவதற்காக எழுதப்பட்டது, இன்னொரு பாட்டுக்கு அடியில் ஓடும் பக்கவாத்தியமாகிவிட்டது.

அடுத்த திருப்பம் போலந்தில் பிறந்த பியானோ இசையமைப்பாளர் ஷோபான். 1839-இல் வெளிவந்த அவருடைய 24 ப்ரீலூட்டுகளுக்குப் பின்னால் ஃபியூக் எதுவும் இல்லை. பாக்கைப் போலவே 24 சுருதி அமைப்புகளையும் தொட்டுச் செல்கிறார், வரிசை மட்டும் வேறு. சில உருப்படிகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. சிறியது, ஒரே மனநிலையைப் பிடித்துக்கொண்டிருப்பது, முடிந்தும் முடியாதது போல ஒலிப்பது. இதுவே ஒரு தனி வடிவமாக நிலைத்தது. பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி தொகுதிக்குப் பன்னிரண்டாக இரண்டு தொகுதிகள் எழுதினார். தலைப்புகளைப் பக்கத்தின் மேலே போடாமல், ஒவ்வொரு உருப்படியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டார்.

ஆகவே பியானோ புத்தகத்தில் காணும் 'ப்ரீலூட்' ஷோபான் வழி வந்த பொருளில் இருக்கலாம். அது ஒரு வடிவத்தின் பெயர், எதற்கும் முன்னுரை கிடையாது. திரைப்பாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் 'ப்ரீலூட்' பழைய பொருளில், வேலையின் பெயராக வருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு 'நம் பாட்டில் வருவது உண்மையான ப்ரீலூட்டே இல்லை' என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. வரலாற்றுப்படி பார்த்தால் நம் பழக்கம்தான் மூலப் பொருளுக்கு அருகில் இருக்கிறது.

## ஓவர்சர், இன்ட்ரொடக்ஷன்

முன்னால் வருகிற எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய இசையில் ஒரே பெயர் இல்லை. அடிக்கடி இடம் மாறிப்போகும் இரண்டை மட்டும் பார்ப்போம்.

ஓவர்சர். ஒரு பாட்டுக்கு முன்னால் வருவதில்லை. ஒரு முழு ஓபரா (பாடியே நடிக்கும் ஐரோப்பிய இசை நாடகம்) அல்லது நாடகத்துக்கு முன்னால் வரும் இசை. திரை தூக்குமுன் வாத்தியக்குழு வாசிக்கும், தெளிவாக முடிக்கும், சபை கைதட்டும், அப்புறம்தான் கதை. பல சமயம் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி 1816-இல் அரங்கேற்றிய 'செவில் நகர நாவிதன்' நகைச்சுவை ஓபராவுக்கு இன்று நாம் கேட்கும் ஓவர்சர், அவர் தன்னுடைய முந்தைய ஓபராக்களில் பயன்படுத்தியதேதான். அங்கே கனமான கதைக்கு முன்னால் வாசித்தது இங்கே சிரிப்புக் கதைக்கும் பொருந்திப்போனது. ஓவர்சர் இப்படிக் கதையிலிருந்து தனித்து நிற்பது ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னருக்குப் பிடிக்கவில்லை. 'லோஹெங்ரின்' (1850) முதல் அவர் ஓவர்சரைக் கைவிட்டு, ப்ரீலூட் என்பதற்கு நேரான ஜெர்மன் சொல்லைப் பயன்படுத்தினார். 'டிரிஸ்டான்' ஓபராவில் (1865) அந்த முன்னிசை முடிவதே இல்லை, அப்படியே முதல் காட்சிக்குள் கரைந்துவிடுகிறது. ஓவர்சர் முடிந்து கதவைச் சாத்தும், ப்ரீலூட் அடுத்ததற்குள் வழிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் நிறைய இருந்தாலும் நினைவில் நிற்க இது போதும்.

இன்ட்ரொடக்ஷன். இது தனி உருப்படியாக இருப்பதில்லை. ஒரே உருப்படியின் முகப்புப் பகுதி. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் வாத்தியக்குழுவுக்கு எழுதிய பல சிம்பொனிகளில் முதல் பகுதி மெதுவான சில வரிகளோடு தொடங்கி, பிறகு வேகம் பிடிக்கும். அந்த மெதுவான வரிகள் இன்ட்ரொடக்ஷன். வேடிக்கையான உதாரணம் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி. பியானோ பெரிய பெரிய கொத்துகளாக அடிக்க, வாத்தியக்குழு முழங்கும் அந்தத் தொடக்க மெட்டு உலகப் புகழ் பெற்றது. ஆனால் முகப்புப் பகுதி முடிந்தபின் அது ஒருமுறைகூடத் திரும்பி வருவதில்லை. பலருக்கு அந்த உருப்படியில் தெரிந்த ஒரே பகுதி, உருப்படியே மறந்துவிட்ட முகப்புதான்.

கறாராகச் சொல்லப்போனால், நம் திரைப்பாட்டின் முன்னிசை 'இன்ட்ரொடக்ஷன்' வகையைச் சேர்ந்தது. அதே பாட்டின் உறுப்பு, பாட்டோடு சேர்த்தே பதிவாவது, தனியாகப் பெயர் இல்லாதது. மேற்கத்திய பாப் இசையிலும் அதை 'இன்ட்ரோ' என்றே சொல்கிறார்கள். நாம் மட்டும் ப்ரீலூட் என்கிறோம். பல்லவி, சரணம் என்று பாட்டைத் துண்டு துண்டாகப் பேசும் பழக்கம் நமக்கு முன்பே உண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருவதை இன்டர்லூட் என்று சொல்லிப் பழகியபின், முன்னால் வருவதற்கு அதே குடும்பச் சொல் பொருத்தமாக அமைந்துவிட்டது. இதைப் பிழை என்று திருத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழக்கம் சொல்லுக்குப் பொருள் கொடுக்கும்.

## ஆளத்தி, ஆலாபனை, மல்லாரி

ஆலாபனையும் ப்ரீலூட்டும் ஒன்றா? பாதி ஆம்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஆளத்தி என்பதைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று மூன்று வகையும் தருகிறார். பாட்டின் சொற்கள் வருமுன் பண்ணை எழுப்பிக் காட்டும் கலைக்கு இங்கே நீண்ட காலமாகவே இலக்கணம் இருந்தது என்பதற்கு இந்த ஓர் உரையே போதும்.

இன்றைய கச்சேரி ஆலாபனை, மேலே பார்த்த ஆதி ப்ரீலூட்டோடு மூன்று விதத்தில் ஒத்துப்போகிறது: கற்பனையாகப் பாடப்படுவது, தாளமில்லாதது, வரப்போகும் உருப்படியின் ராகத்தை நிலைநாட்டுவது. திரைப்பாட்டு ப்ரீலூட்டோடு ஒப்பிட்டால் இதே மூன்றிலும் முரண்படுகிறது. அது எழுதப்பட்டது, பெரும்பாலும் தாளத்துக்குள் நிற்பது, பாட்டின் ராகத்தை அப்படியே பின்பற்றும் கட்டாயம் இல்லாதது.

இன்னொரு முக்கியமான வேறுபாடு எடை. ராகம் தானம் பல்லவியில் ராகமும் தானமும் சேர்ந்து பல்லவியைவிட நீளமாகப் போவதுண்டு. கேட்பவரும் அதற்காகவே உட்கார்ந்திருப்பார். பாடகரின் கற்பனை வளம் அளக்கப்படுவது அங்கேதான். அதை 'முன்னுரை' என்று சொன்னால் வித்வான் வருத்தப்படுவார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

விருத்தமும் பாட்டுக்கு முன்னால் வருவதே. ஆனால் அதில் சொற்கள் உண்டு. ஒரு செய்யுளைத் தாளமில்லாமல் ராகத்தில் விரித்துப் பாடி, அதே ராகத்தில் பாட்டுக்குள் நுழைவார்கள்.

கோயில் சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி வேறு ரகம். சொற்கள் இல்லை. கம்பீர நாட்டையில் கணீரென்று எழும். ஒரு குறிப்பிட்ட பாட்டுக்கு முன்னுரையாக வராமல் ஒரு நிகழ்வையே அறிவிக்கிறது. இதற்கு ஐரோப்பாவில் ஈடு தேடினால், இத்தாலிய இசையமைப்பாளர் மாண்டிவெர்டியின் 'ஓர்ஃபேயோ' ஓபராவைச் (1607) சொல்லலாம். திரை எழுமுன் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரு முழக்கத்தை மூன்று தடவை வாசிக்க வேண்டும் என்று அதில் குறிப்பு இருக்கிறது. பரதநாட்டியத்தின் அலாரிப்பும் ஏறக்குறைய இப்படித்தான். மார்க்கம் எனப்படும் நிகழ்ச்சி வரிசையின் தொடக்க உருப்படி, சொற்கட்டுகளால் ஆனது, அடுத்து வரும் ஜதிஸ்வரத்துக்கு முன்னிசை என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

## திரைப்பாட்டில் அது செய்யும் வேலை

தமிழ்த் திரைப்பாட்டின் வழக்கமான கட்டமைப்பு இது: ப்ரீலூட், பல்லவி, முதல் இன்டர்லூட், முதல் சரணம், மறுபடி பல்லவி, இரண்டாம் இன்டர்லூட், இரண்டாம் சரணம், பல்லவியோடு முடிவு. 1976-இல் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களை அலசும்போது இந்தச் சொற்கள் மிக அதிகமாக அடிபடுகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தானே தாளில் எழுதிக் கொடுப்பவர். அதனால் பாடகர் வாயைத் திறக்காத இடங்களும் மெட்டுக்குச் சமமான கவனத்தோடு அமைந்திருக்கும். அவருடைய 1986-ஆம் ஆண்டு வாத்திய இசைத் தொகுப்பில் பாக்கின் ஒரு வயலின் ப்ரீலூட்டையே எடுத்துக் கையாண்டிருக்கிறார் என்பது இங்கே பொருத்தமான தகவல்.

ப்ரீலூட் செய்யும் வேலைகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. சுருதி கொடுப்பது. பாடகர் முதல் ஸ்வரத்தைப் பிசகாமல் பிடிக்க வேண்டும். முன்னிசையின் கடைசி ஸ்வரம் பெரும்பாலும் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து நிற்பதைக் கவனிக்கலாம். சில பாடல்களில் வேண்டுமென்றே வேறு இடத்தில் நிறுத்தி, குரல் நுழைந்ததும் காதை வேறு பக்கம் திருப்புவார்கள். அப்போது பாட்டு ஒரு சிறு திடுக்கிடலோடு தொடங்கும்.

2. தாளத்தையும் எடுப்பையும் காட்டுவது. பல்லவி தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்க வேண்டும் என்றில்லை. அரை அடி, ஒன்றரை அடி தள்ளி எடுக்கும் பாட்டுகள் ஏராளம். கர்நாடக இசையில் இதை அனாகத எடுப்பு என்பார்கள். அப்படிப்பட்ட பாட்டில் முன்னிசை தாளத்தை முதலில் ஊன்றிவிட்டு, சரியான இடத்தில் சட்டென்று நின்று ஓர் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் குரல் நுழைகிறது. மெல்லிசை மேடையில் புதிய பாடகர்கள் தடுமாறுவது இந்த ஒரு விநாடியில்தான்.

3. களத்தைச் சொல்வது. நாகஸ்வரமும் தவிலும் வந்தால் கல்யாணமோ கோயிலோ. உறுமியும் பம்பையும் வந்தால் கிராமத் திருவிழா. பல்லவியின் முதல் சொல் வருமுன்பே இடமும் காலமும் காதில் விழுந்துவிடுகின்றன.

4. காட்சியை நகர்த்துவது. வசனத்திலிருந்து பாட்டுக்குத் தாண்டுவது திரைக்கதையில் சிக்கலான இடம். பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பாடினால் உறுத்தும். முன்னிசை ஓடும் நேரத்தில் காமிரா மலைக்குப் போகிறது, ஆடை மாறுகிறது, நடனக் குழு வந்து சேர்கிறது. கொஞ்சம் சிரிப்பாக இருந்தாலும், ப்ரீலூட்டின் நீளத்தைப் பல சமயம் தீர்மானிப்பது இந்தத் தேவைதான்.

5. மெட்டைக் காட்டுவது அல்லது மறைப்பது. பல்லவியின் மெட்டையே புல்லாங்குழலிலோ வயலினிலோ ஒருமுறை வாசித்துவிட்டுப் பாட்டைத் தொடங்குவது ஒரு வழி. பாதுகாப்பான வழி, ஆனால் பல்லவி வரும்போது அதன் புதுமை பாதி போயிருக்கும். பல்லவிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் இசையைக் கட்டி, அதிலிருந்து பல்லவியை முளைக்கச் செய்வது மற்றொரு வழி. கடினமானது இதுதான். நினைவில் நிற்பதும் பெரும்பாலும் இதுவே.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் தொடங்கிய சில விநாடிகளில் கேட்பவருக்குப் பாட்டு எது என்று தெரிந்துவிடுகிறது. பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பகுதிக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அச்சில் பாட்டு பல்லவியில்தான் தொடங்குகிறது, காதில் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

## ப்ரீலூட் என்று தவறாகச் சொல்லப்படுபவை

தொகையறா. தாளமில்லாமல், சொற்களோடு, பல்லவிக்கு முன் பாடப்படுவது. 'பாத காணிக்கை' (1962) படத்தில் 'வீடு வரை உறவு' பாட்டுக்கு முன்னால் வரும் 'ஆடிய ஆட்டமென்ன' பகுதி இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. சொல் இருப்பதால் அது கவிஞரின் பகுதி. ப்ரீலூட் என்று சொல்வதைவிடத் தொகையறா என்றே சொல்லலாம், பெயர் தயாராக இருக்கிறது. தொகையறாவுக்கும் முன்னால் வாத்திய இசை வருமானால், அதுதான் ப்ரீலூட்.

ஹம்மிங். குரல் வருகிறது, சொல் இல்லை. இதில் இரு கருத்து உண்டு. குரலை ஒரு வாத்தியம் போல வைத்திருந்தால், குறிப்பாகக் கோரஸ் குரல்கள் வயலின்களோடு சேர்ந்து இழைந்தால், அதை ப்ரீலூட்டின் பகுதியாகவே கொள்ளலாம். பாடகரே தனியாக ஆகாரம் இழுத்துப் பல்லவிக்கு இறங்கினால், ஆலாபனையின் நிழல் என்று கொள்வது பொருந்தும்.

பிஜிஎம். இது தெளிவான பிழை. பிஜிஎம் என்பது காட்சிக்குப் பின்னால் ஓடும் பின்னணி இசை. படம் எடுத்து முடித்தபின், ரீ-ரெக்கார்டிங் கட்டத்தில் சேர்க்கப்படுவது. பாட்டின் முன்னிசை பாட்டோடு பதிவாவது. சமூக ஊடகங்களில் வாத்திய இசை எது வந்தாலும் பிஜிஎம் என்று எழுதிவிடுகிறார்கள். முன்னிசையின் ஒரு துண்டைப் பின்னணி இசையில் மறுபடி கையாளும் படங்களும் இருப்பதால் குழப்பம் கூடுகிறது.

இன்ட்ரோ சாங். இதில் 'இன்ட்ரோ' நாயகனுக்கு, இசைக்கு இல்லை. கதாநாயகன் அறிமுகமாகும் முழுப் பாட்டு அது. அந்தப் பாட்டுக்கும் தனியாக ஒரு ப்ரீலூட் இருக்கும்.

தீம் மியூசிக், டைட்டில் மியூசிக். படத்துக்கோ பாத்திரத்துக்கோ உரியவை. படத்தின் தொடக்கப் பெயர்களோடு ஓடும் டைட்டில் இசையை ஓவர்சருக்கு ஒப்பிடலாம். அந்த ஒப்பீடு நன்றாகவே பொருந்தும்.

## தமிழில் என்ன சொல்லலாம்

முன்னிசை, முகப்பிசை, தொடக்க இசை என்று மூன்று சொற்கள் எழுத்தில் தென்படுகின்றன. மூன்றுமே சொன்னவுடன் புரிபவை. இன்டர்லூட்டுக்கு இடையிசை நன்றாக அமைந்திருக்கிறது. சிலர் 'நிரவல் இசை' என்றும் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருந்தாலும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. கர்நாடக இசையில் நிரவல் என்பது பாட்டின் ஒரு வரியைச் சொல் மாறாமல் பல விதமாக விரித்துப் பாடும் முறை. அதை அறிந்த வாசகர் தடம் மாறிப்போவார்.

அரசியல் கட்டுரைகளில் 'இது வரப்போகும் போராட்டத்துக்கு ஒரு ப்ரீலூட்' என்று ஆங்கில வாடையில் எழுதுவதைப் பார்க்கிறேன். அங்கே அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. முன்னோட்டம் என்றால் போதும். நீட்டி முழக்கும் முன்பேச்சுக்கோ, பீடிகை என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'பீடிகை போடாமல் விஷயத்துக்கு வா' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு லத்தீன் எதற்கு?

## நீளம் ஏன் கூடியது, ஏன் குறைகிறது

ப்ரீலூட்டுக்கு இத்தனை விநாடி என்று விதி இல்லை. ஒலியைச் சுமக்கும் ஊடகம் எது என்பதைப் பொறுத்து அளவு மாறி வந்திருக்கிறது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். பல்லவி, சரணங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்றால் முன்னிசைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டும் பிறகு கேசட்டும் வந்ததும் அந்த நெருக்கடி தளர்ந்தது. கேசட்டில் வேறொரு வசதியும் இருந்தது: ஒரு பாட்டைத் தாண்டிப் போவது சிரமம். ஓட விட்டு நிறுத்தி, மறுபடி பின்னால் சுற்றி... இதற்குப் பேசாமல் முன்னிசையைக் கேட்டுவிடலாம்.

இன்று தாண்டுவதற்கு ஒரு விரல் தொடுதல் போதும். ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் ஒரு பாட்டு 30 விநாடியாவது ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவரைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற அவசரம் பாட்டின் அமைப்பையே மாற்றுகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், 1986 முதல் 2015 வரை அந்நாட்டுத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாடல்களை அளந்து 2017-இல் முடிவை வெளியிட்டார். எண்பதுகளின் நடுவில் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்த முன்னிசை, 2015 வாக்கில் ஏறக்குறைய 5 விநாடியாகச் சுருங்கியிருந்தது.

அந்த எண்களை அப்படியே தமிழ்ப் பாடல்களுக்குப் பொருத்த முடியாது. இங்கே பாட்டு இன்னமும் படத்தின் காட்சியோடு கட்டப்பட்டிருக்கிறது. காட்சிக்கு நேரம் தேவைப்பட்டால் முன்னிசை நீளும். ஆனால் பாட்டைக் காட்சியிலிருந்து பிரித்து முதலில் தனியாக வெளியிடும் பழக்கம் வலுத்துவிட்டது. அப்படி வெளிவரும் வடிவத்தில் பல்லவியின் கொக்கி வரி முதல் சில விநாடிகளிலேயே வந்துவிடுகிறது. சில பாடல்களில் அந்த வரியையே முதலில் ஒருமுறை போட்டு, அதன்பின் வாத்திய இசை, அதன்பின் மறுபடி பல்லவி என்று அடுக்குகிறார்கள். முன்னால் வர வேண்டிய இசை இரண்டாவதாக வருகிறது. அதை ப்ரீலூட் என்பதா, இன்டர்லூட் என்பதா?

அது செய்யும் வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இசை சுருதியும் வேகமும் களமும் அமைத்துப் பல்லவிக்கு வழிவிட்டால், குரல் ஏற்கெனவே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் அது ப்ரீலூட்தான். பல்லவி முழுசாக முடிந்து, சரணத்துக்குக் கொண்டுபோய் விட்டால் இன்டர்லூட். ரீல்ஸில் பதினைந்து விநாடிக்கு வெட்டி எடுத்து, பின்னால் பாட்டே வராமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறதென்றால், ஷோபான் 1839-இல் செய்ததை நம் ஆட்கள் கத்தரிக்கோலால் செய்திருக்கிறார்கள்.